ஒண்ணு புள்ளி ஒண்ணு எட்டு வரைக்கும்

நாலு புள்ளி ரெண்டு. இன்னும் நாலு புள்ளி ரெண்டேதான். அஞ்சு நிமிஷம் முன்னாடி பாத்தப்பவும் இதே நம்பர், நான் முறைச்சா இறங்கிடுமா, இறங்காது, தெர்மாமீட்டருக்கு என்னைத் தெரியாது, நான் சுடரொளி, ரெண்டாம் வருஷம் பிஎச்டி, சொந்த ஊரு நெய்வேலி, கொஞ்சம் சீக்கிரம் இறங்கேன் ப்ளீஸ்னு கெஞ்சினாலும் அது அதோட வேகத்துலதான் இறங்கும். மணி ரெண்டு இருபது. சார், என் கைடு, புவனேஸ்வர் மீட்டிங்ல மேடை ஏறுறது நாலு பத்துக்கு. நடுவுல ஒரு மணி அம்பது நிமிஷம். இந்த ஃப்ரிட்ஜ், ஃப்ரிட்ஜ்னா வீட்டு ஃப்ரிட்ஜ் இல்ல, ஆள் உயர எவர்சில்வர் பானை, உள்ள திரவ ஹீலியம், அதுக்குள்ள ஒரு காந்தம், காந்தத்துக்கு நடு ஓட்டைல ஒரு எள்ளு சைஸ் படிகம், அந்த எள்ளு இப்ப மைனஸ் இருநூத்தி அறுபத்தொம்போது டிகிரில இருக்கு, எங்க கணக்குல நாலு புள்ளி ரெண்டு கெல்வின், எனக்கு அது இன்னும் மூணு டிகிரி கீழ போகணும். மூணே மூணு டிகிரி. பம்ப்பு பாட்டுக்கு டக டக டகன்னு அடிச்சிட்டிருக்கு. எனக்கு வேலை ஒண்ணும் இல்ல. அதான் பிரச்சினையே, வேலை ஒண்ணும் இல்ல. ரன் நோட்ஸ், அதாவது சோதனைக் குறிப்பு, அடிக்கற இந்த ஃபைல்ல நான் என்னென்னமோ அடிச்சிட்டிருக்கேன், கை சும்மா இருக்க மாட்டேங்குது, அப்புறமா அழிச்சிடலாம். மத்தியானம் சாப்பிட்டு வந்து லாக் புக்ல புதுப் பக்கத்துக்குக் கோடு போட்டேன். தேதி, நேரம், டெம்பரேச்சர், ஃபீல்டு, கரண்ட், கடைசில ‘சு.ஹீ.’ன்னு ஒரு குட்டிக் கட்டம். தலைப்ப மறந்துடக் கூடாதுன்னு போன தடவ ரன்னோட பக்கத்தைத் திருப்பிப் பாத்து எழுதினேன். இருபத்தி மூணாம் தேதி. பதினேழு வரிசை. பதினேழு வரிசைலயும் அந்தக் கடைசிக் கட்டம் காலி. ஒரு டிக் இல்ல. ஒரு கோடு கூட இல்ல.

நாலு புள்ளி ஒண்ணு! இறங்குது. சரி. சரி. காலியா இருந்தா என்ன, போட மறந்திருப்பேன், டிக் போட மறக்கறது வேற, ஹீட்டர் போட மறக்கறது வேற. சுவிட்ச் ஹீட்டர். காந்தத்தோட காயிலுக்கு, அந்தக் கம்பிச் சுருளுக்கு, குறுக்கால ஒரு குட்டிக் கம்பி இருக்கும், குளிர்ல அதுக்கு எதிர்ப்பே கிடையாது. கரண்டுக்கு அப்படி ஒரு குறுக்கு வழி கெடச்சா அது எதுக்குக் காயிலுக்குள்ள போயி ஆயிரம் சுத்து சுத்தணும்? குறுக்கால போயி குறுக்கால வந்துடும். அதனால முதல்ல அந்தக் குட்டிக் கம்பிய லேசா சூடு பண்ணணும், வழிய அடைக்கணும், அதுக்குத்தான் ஹீட்டர். ஹீட்டர் போடாம கரண்ட் ஏத்தினா பவர் சப்ளை பெருமையா காந்த பலம் ‘ஆறு டெஸ்லா’ன்னு காட்டும், படிகத்துக்கிட்ட ஒண்ணுமே இருக்காது. பூஜ்யம். இத முதல் வாரமே சொல்லித் தந்தாங்க. முதல் வாரமே! யாருக்கும் வராத தப்பு இல்ல, எங்க ஆளுங்க எல்லாரும் வாழ்க்கைல ஒரு தடவை பண்ற தப்பு, ஆனா எல்லாரும் ஒரு சாயங்காலம் பண்ணிட்டு தலைல அடிச்சிக்கிட்டு மறுநாள் திரும்ப அளந்துடுவாங்க. நான் அளக்கல. நான் கிராஃப் போட்டேன். கலர் கலரா போட்டேன், பூஜ்யம் நீலம், ஆறு டெஸ்லா சிவப்பு, பதினேழு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஒரே கோடா தெரிஞ்சுது, நான் குதிச்சேன். நிஜமாவே குதிச்சேன், நாற்காலி சக்கரம் ஓடிப் போயி சுவத்துல இடிச்சுது. ஏன்னா எங்க படிகம் ஒண்ணு புள்ளி ரெண்டு கெல்வின்ல ரெசிஸ்டன்ஸ் சரசரன்னு பாதியா விழுந்துது, எதிர்ப்பே இல்லாம கரண்ட் ஓடற சூப்பர்கண்டக்டர்! சார் அப்பவே கேட்டாரு. “ஒண்ணு புள்ளி ரெண்டுன்னா அலுமினியமும் அங்கதான்மா விழும். படிகத்த அலுமினியக் குழம்புல போட்டுத்தான வளத்தோம்? ஒட்டிக்கிட்டு இருக்கறது எதாவது இருந்தா?” நான் சொன்னேன், காஸ்டிக் சோடாவுல ஊற வச்சுக் கழுவிட்டேன் சார். “கழுவினது வெளிய. உள்ள?” அப்பதான் சொன்னாரு, காந்த ஃபீல்டு போட்டுப் பாரு, அலுமினியம்னா பொட்டுக் காந்தத்துக்கே செத்துடும், பத்து மில்லி டெஸ்லா தாங்காது, நம்ம படிகம்னா நிக்கும். நான் போட்டேன். நின்னுச்சு. ஆறு டெஸ்லா வரைக்கும் அசையாம நின்னுச்சு. காந்தமே இல்லாட்டி எதுதான் நிக்காது?

மூணு புள்ளி நாலு, மணி ரெண்டு நாப்பத்தொண்ணு. எனக்கு இந்த சப்ஜெக்ட் புடிச்சதே இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்குத்தான். சாதாரண உலோகத்துல எலக்ட்ரான் காத்து மாதிரி ஓடும். சீரியம் அணுவ வரிசையா அடுக்கி வச்சா அதே எலக்ட்ரான் இருநூறு மடங்கு, முந்நூறு மடங்கு கனமாயிடும். நெஜமா கனம் ஏறாது, ஆனா ஏறின மாதிரியே நடக்கும். இத எங்க அம்மாவுக்கு எப்படிச் சொன்னேன்னா, அம்மா, அப்பா கூட கடைத்தெருவுக்குப் போயிருக்கல்ல? அப்பா யூனியன்ல முப்பது வருஷம். ரொட்டிக்கடை ரெண்டு நிமிஷ நடை. அப்பா கூடப் போனா முக்கா மணி நேரம். அடிக்கு ஒருத்தரு கையப் புடிப்பாரு, தோழர் அந்த ட்ரான்ஸ்ஃபர் விஷயம், தோழர் என் பையன் அப்ரண்டிஸ்ஷிப், அப்பா ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு கேட்டு, விட்டு, அடுத்த ஆளு. அப்பா வெயிட்டு என்னமோ அம்பத்தெட்டு கிலோதான், ஆனா கடைத்தெருவுல அப்பா ஒரு லாரி. அதான்மா கன எலக்ட்ரான். அம்மா சிரிச்சிட்டு, “அப்ப அந்த ரொட்டி வந்து சேருமா சேராதா?”ன்னாங்க. அதான் கேள்வியே! இவ்வளவு இழுபறில, அணுவுக்கு அணு காந்தம் பிச்சுப் புடுங்கற எடத்துல, எலக்ட்ரான் ஜோடி சேரவே கூடாது. காந்தம்தான் ஜோடியோட எதிரி, மத்த சூப்பர்கண்டக்டர்ல ஒண்ணு மேல பாத்து ஒண்ணு கீழ பாத்து நிக்கற ஜோடிய காந்தம் பிரிச்சு விட்டுடும். இங்க அந்தக் காந்தச் சண்டையே பசையாயி ஜோடி சேத்து வைக்குதுன்னு சொல்றாங்க. சில படிகத்துல ரெண்டும் ஒரே பக்கம் பாத்தே ஜோடி சேருதாம், அத எவ்வளவு பெரிய காந்தம் போட்டாலும் பிரிக்க முடியாது. உலகத்துலயே விரல் விட்டு எண்ணலாம் அந்த மாதிரி. அதுல ஒண்ணு எங்க பானைல இருக்குன்னு நான் நெனச்சேன். பதினாறு நாள் நெனச்சேன். பதினாறு நாள் நான் ஹாஸ்டல் படிக்கட்ட ரெண்டு ரெண்டா ஏறினேன்.

வோல்ட்டேஜ். அதான். அதத்தான் நான் நெனைக்காம சுத்திச் சுத்தி வர்றேன். கரண்ட் ஏத்தும்போது காயில் சும்மா விடாது, எதிர்த்து இழுக்கும், பவர் சப்ளைல வோல்ட்டேஜ் ஒண்ணு, ஒண்ணரைன்னு காட்டணும். எப்பவும் கம்ப்யூட்டர்தான் ஏத்தும், ஹீட்டரையும் அதுவே போட்டுடும். இருபத்தி மூணாம் தேதி கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சு. நான் பவர் சப்ளை முன்பக்கத்து பட்டன கையால அமுக்கி ஏத்தினேன். அப்ப வோல்ட்டேஜ் என்ன காட்டுச்சு? எனக்குத் தெரியும். எனக்கு நல்லாத் தெரியும், அந்தப் பச்சை நம்பர் கண்ணுக்குள்ளயே இருக்கு, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம். பாத்தேன். பாத்துட்டு என்ன நெனச்சேன் தெரியுமா, ஆகா, இன்னிக்கு காந்தம் சமத்தா இருக்குன்னு நெனச்சேன். சமத்தா! குழந்தை தூங்குதுன்னு நெனச்சு கதவ சாத்திட்டு வந்த மாதிரி. அப்படியே சார்கிட்ட போனேன். சார் கேன்டீன் வாசல்ல பிளாக் டீ குடிச்சிட்டிருந்தாரு. சத்தியசீலன் சாருக்கு வணக்கம், குட்மார்னிங்லாம் கெடையாது, யாரப் பாத்தாலும் “எவ்ளோ?”ன்னுதான் கேப்பாரு. எவ்ளோன்னா டெம்பரேச்சர் எவ்ளோ. தீபாவளி அன்னிக்கு ஃபோன் பண்ணி வாழ்த்து சொன்னப்பக்கூட “எவ்ளோ?”ன்னாரு, நான் வீட்ல இருக்கேன் சார்னேன், “ஓ, முந்நூறு”ன்னாரு, வீட்டுச் சூடு கெல்வின்ல முந்நூறு. அன்னிக்கும் எவ்ளோன்னாரு. ஒண்ணு புள்ளி ரெண்டு சார், ஆறு டெஸ்லால அசையல சார்னேன். டீ கிளாஸ் அப்படியே நின்னுச்சு. “ஃபீல்டு கன்ஃபார்ம் தான?” ஆமா சார். “ஆமாவா?” ஆமா சார். ரெண்டு ஆமா. அந்த ரெண்டு ஆமாவ நம்பித்தான் அவரு புவனேஸ்வர் போயிருக்காரு.

மூணு. மூணு கெல்வின். ஹீலியம் மட்டம் நாப்பத்தி நாலு சதவீதம். முப்பதுக்குக் கீழ போனா காந்தத்தோட தலை வெளிய தெரிய ஆரம்பிச்சிடும், அப்புறம் கரண்ட் போடக் கூடாது. பம்ப் பண்ணப் பண்ண மட்டமும் இறங்கும். ரெண்டும் சேந்தே இறங்குது, எது முதல்லன்னு பாக்கறேன். தனகோடி அண்ணன் வந்து கதவுல சாஞ்சு நின்னாரு. ஹீலியம் பிளான்ட்ட ஓட்டறவரு, அவருதான் எங்களுக்கு ஹீலியம் ஊத்தறவரு. “இன்னா பாப்பா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு, பானை லீக்கா?” லீக்லாம் இல்லண்ணா, இன்னொரு டேங்க் கெடைக்குமா? “வியாழக்கிழமை வரைக்கும் சொட்டு கெடையாது. கம்ப்ரசர் பிரிச்சுப் போட்ருக்கேன், வந்து பாரு, மீன் மார்க்கெட் மாதிரி கெடக்கு.” அண்ணா, நான் ஒண்ணு பண்ணிட்டேன்ணான்னு சொல்லி காலிக் கட்டத்தக் காட்டினேன். அவரு பிஎச்டி படிக்கல, ஆனா எங்க எல்லாரையும் விட அதிகமா பானை பாத்தவரு. கண்ணாடிய நெத்திக்குத் தூக்கிட்டு பதினேழு வரிசையும் விரல் வச்சுப் பாத்தாரு. அப்புறம், “ஏத்தும்போது வோல்ட்டு இன்னா காட்டுச்சு?” பூஜ்யம்ணா. “ஐயய்யே.” அவ்வளவுதான். ஐயய்யே. “சீலன் சாருக்கு சொல்லிட்டியா?” ஃபோன் ஆஃப்ணா. மீட்டிங்னா ஆஃப் பண்ணிடுவாரு, அவரு பேசறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஆன் பண்ணி டைமர் வைப்பாரு, அப்ப மட்டும்தான். “அப்ப மெசேஜ் போட்டு வையி. ஆன் பண்ணா பாப்பாரு.” என்னன்னு போட்றதுண்ணா, எனக்கே தெரியல, அளந்தாதான் தெரியும். “தெரியலன்றது தெரியும்ல? அத்தப் போடு.” சொல்லிட்டுப் போயிட்டாரு. ஸ்பேனர் எடுக்க வந்தவரு ஸ்பேனர் எடுக்காமலே போயிட்டாரு.

ரெண்டு புள்ளி ஆறு. மெசேஜ் அடிச்சேன். சார் ஒரு சின்ன சந்தேகம். அழிச்சேன். சின்ன சந்தேகமா இது? சார் ஃபீல்டு டேட்டா கொஞ்சம் செக் பண்ணிட்டிருக்கேன். அழிச்சேன். இர்ஃபான் வந்தான், என் பேட்ச், பக்கத்து மேஜை, சாரோட பேச்சு ஆன்லைன்ல வரும்னு செமினார் ரூம்ல பெரிய ஸ்கிரீன் போட்டு வச்சிருக்கான், ஜூனியர்ஸ் எல்லாரையும் கூப்பிட்டிருக்கான், மிக்சர் வாங்கியிருக்கான். “ஹீரோயின் இங்க என்ன பண்றீங்க, மூணாவது வரிசைல உனக்கு சீட் போட்ருக்கேன்டி.” அவன்கிட்டயும் சொன்னேன். மிக்சர் பாக்கெட்டக் கீழ வச்சான். “அளந்துட்டு சொல்லு. இப்பவே சொல்லி, அப்புறம் நெஜமாவே நின்னுச்சுன்னா? சாரு இருபத்தஞ்சு நிமிஷமும் சொதப்பிடுவாரு, உன்னால.” அதுவும் சரிதான். அளந்து நெஜமாவே செத்துடுச்சுன்னா? “அப்பவும் உன்னாலதான்.” அவனுக்கு எப்பவும் இந்த மாதிரி ஜோக் வரும், இன்னிக்கு அவனே சிரிக்கல. சாரோட செஷனுக்குத் தலைவரா சேர்ல இருக்கப் போறது யாருன்னு உனக்குத் தெரியும்லன்னான். தெரியும். பத்தொம்போது வருஷம் முன்னாடி இதே மீட்டிங்ல அந்த ஆளு ஒரு புது சூப்பர்கண்டக்டர் காட்டினாரு. சார் கூட்டத்துல எழுந்து நின்னு, “அது வெள்ளீயம்ங்க. உங்க படிகத்த வெள்ளீயக் குழம்புலதான வளத்தீங்க”ன்னாரு. அவ்வளவுதான், ஹாலே சிரிச்சுது, அந்த ஆளு அப்புறம் அந்த சப்ஜெக்ட்டையே விட்டுட்டாருன்னு சொல்வாங்க. சார் இந்தக் கதைய எங்களுக்கு ஒரு தடவைதான் சொன்னாரு, பெருமையா சொல்லல, “உக்காந்து அவர்கிட்ட தனியா சொல்லியிருக்கணும், எனக்கு அப்ப நாப்பது வயசு”ன்னாரு. இன்னிக்கு அந்த ஆளு சேர்ல உக்காந்து, சத்தியசீலன், உங்களுக்கு இருபத்தஞ்சு நிமிஷம்னு சொல்வாரு. சார் அடுத்த மார்ச்ல ரிட்டயர். சார் வெள்ளீயத்தக் கண்டுபுடிச்சவரு. அவரு கைல நான் அலுமினியத்தக் குடுத்து அனுப்பியிருக்கேன்.

ரெண்டு. மணி மூணு பதினெட்டு. மட்டம் முப்பத்தொம்போது. ரெண்டுக்குக் கீழ மெதுவாத்தான் போகும், எப்பவும் இங்கதான் இழுக்கும். எங்கிட்ட ஒரு மனசு சொல்லுது, ஹீட்டர் போட்டிருப்ப, பட்டன் அமுக்கினது ஞாபகம் இல்லையா, சின்ன சிவப்பு லைட் எரிஞ்சுதே. எரிஞ்சுதா? ஒவ்வொரு தடவையும் எரியும், எந்தத் தடவை எரிஞ்ச லைட் இது? எல்லா நாளோட லைட்டும் சேந்து ஒரே லைட்டா இருக்கு எனக்குள்ள. பல் தேச்சோமா இல்லையான்னு ஞாபகம் வருமா? பிரஷ் ஈரமா இருக்கான்னுதான் பாக்கணும். பிரஷ் ஈரமா இல்ல. கட்டம் காலி. வோல்ட்டேஜ் பூஜ்யம். பதினேழு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு, ஒரு முடி அளவு கூட நகராம, எந்தக் கன எலக்ட்ரானும், ஒரே பக்கம் பாத்து நிக்கற எந்த ஜோடியும் ஆறு டெஸ்லால கொஞ்சமாச்சும் நகரும்ல, கொஞ்சமாச்சும்? அப்ப அத நான் அதிசயம்னு நெனச்சேன். அதிசயமா இருந்தா சந்தேகப்படணும்னு யாராவது சொல்லிக் குடுத்திருக்காங்களா, சொல்லிக் குடுத்திருக்காங்க, சாரே சொன்னாரு, பாதிதான் விழுது, பூஜ்யத்துக்குப் போகலையேம்மா, நான்தான் சாம்பிள் குவாலிட்டி சார், அடுத்த பேட்ச்ல போயிடும் சார்னேன். வாயி. என் வாயி. தனகோடி அண்ணன் சொன்னது திரும்பத் திரும்ப வருது. தெரியலன்றது தெரியும்ல. நான் அளந்து முடிக்கக் காத்திருக்கறது சாருக்காக இல்ல. அலுமினியமா இல்லாம இருந்துட்டா இந்தக் காலிக் கட்டத்த யாருக்கும் சொல்லவே வேண்டாம்ல, அதுக்காக. அது தெரிஞ்சதும் எனக்கு மூஞ்சி சுட்டுச்சு. மூணு முப்பத்தி நாலுக்கு அடிச்சேன். சார், இருபத்தி மூணாம் தேதி ரன்ல நான் சுவிட்ச் ஹீட்டர் போடல. ஏத்தும்போது வோல்ட்டேஜ் பூஜ்யம் இருந்துச்சு, பாத்தும் விட்டுட்டேன். ஆறு டெஸ்லா கர்வ் எல்லாமே பூஜ்ய ஃபீல்டா இருக்கலாம். தப்பு என்னுது. இப்ப திரும்ப அளந்துட்டிருக்கேன். அனுப்பிட்டேன். கட்டை விரல் பட்டுச்சு, போயிடுச்சு. ஒத்த டிக். சாம்பல் கலர்ல ஒத்த டிக்.

ஒண்ணு புள்ளி ஆறு. ஒத்த டிக். ஒண்ணு புள்ளி அஞ்சு. ஒத்த டிக். நான் ரெண்டையும் மாத்தி மாத்திப் பாக்கறேன், இந்தப் பக்கம் பானை, அந்தப் பக்கம் ஃபோன், ரெண்டும் என் கைல இல்ல. நர்ஸ் உள்ள போயிட்டு வெளிய வராத ஆஸ்பத்திரி பெஞ்சு மாதிரி. மட்டம் முப்பத்தஞ்சு. ஒண்ணு புள்ளி நாலு. செமினார் ரூம்ல யாரோ மைக் செக் பண்றாங்க, ஹலோ ஹலோ, மிக்சர் சாப்பிட்டு யாரோ சிரிக்கறாங்க. ஒண்ணு புள்ளி மூணு. ஒண்ணு புள்ளி ரெண்டு ரெண்டு. ஒண்ணு புள்ளி ஒண்ணு எட்டு. விழுந்துச்சு. ரெசிஸ்டன்ஸ் அதே எடத்துல அதே மாதிரி சரசரன்னு பாதியா விழுந்துச்சு, ஐயோ எவ்வளவு அழகு, இப்பவும் அழகாத்தான் இருக்கு, நான் பதினாறு நாளா ஒண்ணு புள்ளி ரெண்டு, ஒண்ணு புள்ளி ரெண்டுன்னு ரவுண்டா சொல்லிட்டிருந்தேன், ஒண்ணு புள்ளி ஒண்ணு எட்டுன்னு ஒரு தடவ சொல்லியிருந்தா சார் டீய அங்கயே கொட்டியிருப்பாரு. அது அலுமினியத்தோட வீட்டு அட்ரஸ். சரி. மூணு அம்பத்தேழு. ஹீட்டர். பட்டன அமுக்கறேன், சத்தமா சொல்லிட்டே அமுக்கறேன், ஹீட்டர் ஆன். சிவப்பு லைட் எரியுது. கட்டத்துல டிக் போட்டேன், பேனா பேப்பரக் கிழிச்சிடுச்சு. முப்பது செகண்ட் காத்திருக்கணும். காத்திருந்தேன். கரண்ட் ஏத்தறேன், ரொம்பக் கொஞ்சமா. வோல்ட்டேஜ், பூஜ்யம் புள்ளி எட்டு. எட்டு! காயில் இழுக்குது, உயிரோட இருக்கு, அன்னிக்கு செத்துக் கெடந்தது. மூணு மில்லி டெஸ்லா, ஒண்ணும் ஆகல. அஞ்சு, ஒண்ணும் ஆகல, நில்லு, நில்லு, நின்னுடு, ஏழு, நிக்குது, எனக்குள்ள ஒரு கூமுட்டை கை தட்டுது, ஒம்போது, லேசா ஆடுது, பதினொண்ணு. ஏறிடுச்சு. ரெசிஸ்டன்ஸ் மொத்தமா மேல ஏறிடுச்சு. ஆறு டெஸ்லான்னு நான் ஊரெல்லாம் சொன்னது பதினொரு மில்லி டெஸ்லால செத்துப் போச்சு. கைப்பைய மூடற காந்தப் பட்டனே இதவிட ஜாஸ்தி.

நாலு அஞ்சு. டிக் ரெண்டாச்சு. நாலு ஆறு. நீலமாச்சு. டைப்பிங்னு காட்டுது, நிக்குது, திரும்பக் காட்டுது. திட்டுங்க சார். தயவுசெஞ்சு திட்டுங்க. வந்துச்சு. “எவ்ளோ?” அவ்வளவுதான். எவ்ளோ. நான் அடிச்சேன், ஒண்ணு புள்ளி ஒண்ணு எட்டு சார், பதினொரு மில்லி டெஸ்லால போயிடுச்சு சார், சாரி சார். நீலம். “சரிம்மா.” அப்புறம் ஒண்ணும் இல்ல. நாலு பத்து. சாரோட முப்பத்தோரு ஸ்லைடுல மூணுலேந்து இருபத்தொம்போது வரைக்கும் என்னுது. அத எடுத்துட்டா என்ன இருக்கு, ஊரு பேரு, நன்றி. இருபத்தஞ்சு நிமிஷம் அவரு என்ன பேசுவாரு? நான் பானைய விட்டு நகர முடியாது, ஃபீல்ட இறக்கணும், மட்டம் முப்பத்தி ரெண்டு. செமினார் ரூம்லேந்து சார் குரல் சுவத்து வழியா வருது, வார்த்தை புரியல, அந்த இழுவைதான் கேக்குது. அப்புறம் ஸ்பீக்கர்ல பெரிய சிரிப்பு. ஹால் முழுக்க. எனக்குக் காது அடைச்சிடுச்சு. இர்ஃபான் ஃபோன தூக்கிட்டே ஓடி வந்தான். “ஏய் சுடர், சாரு முதல் ஸ்லைடே போடலடி. கறுப்பு ஸ்கிரீன். சேர்ல இருக்கறவரப் பாத்து, பத்தொம்போது வருஷம் முன்னாடி உங்கள இங்க வெள்ளீயம்னு சொல்லி உக்கார வச்சேன், எழுந்து நின்னு சொன்ன விதத்துக்கு மன்னிச்சிக்கங்க, இன்னிக்கு நீங்க என்னை நிக்க வச்சே கேக்கலாம், என்னுது அலுமினியம்னாரு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அந்த ஆளே சிரிச்சிட்டாருடி.” சந்தேகமா அவன் மூஞ்சியப் பாத்தேன். அவன் இன்னும் முடிக்கல. “அப்புறம் எப்படி ஆச்சுன்னு ஒருத்தன் கேட்டான். சாரு சொன்னாரு, சுவிட்ச் ஹீட்டர் போட மறந்துட்டேன்னு.” யாரு மறந்தாங்கன்னு சொன்னாரு? “சாருதான். நான்தான் மறந்தேன், என் ஸ்டூடன்ட் இன்னிக்கு திரும்ப அளந்து கண்டுபுடிச்சாங்கன்னாரு. உன் பேரையும் சொன்னாருடி.” நான் அவன் ஃபோனப் புடுங்கினேன். குட்டி ஸ்கிரீன்ல குட்டியா சார், கறுப்புத் திரைக்கு முன்னாடி, கைய ஆட்டி ஆட்டி என்னமோ சொல்லிட்டிருக்காரு, முன் வரிசை இன்னும் சிரிக்குது. நான் சார், நான்தான் சார், நீங்க இல்ல சார்னு கத்தினேன். “கேக்காதுடி. அந்தப் பக்கத்துலேந்துதான் வரும்.” தெரியும். தெரியும்டா. லாக் புக் தொறந்தே கெடக்கு, இருபத்தி மூணாம் தேதி, பதினேழு வரிசை, ஒவ்வொரு வரிசை ஓரத்துலயும் ‘சு’ன்னு என் இனிஷியல், பதினேழு சு, இத புவனேஸ்வர்ல யாரும் பாக்கப் போறதில்ல. பானை பீப் அடிச்சுது. மட்டம் முப்பத்தொண்ணு. நான் கரண்ட பூஜ்யத்துக்கு இறக்கினேன், பதினொண்ணு, எட்டு, அஞ்சு, ரெண்டு. பூஜ்யம். ரெசிஸ்டன்ஸ் உடனே திரும்ப விழுந்துச்சு, அதே எடத்துல, அதே பாதிக்கு, யாரு என்ன சொன்னா எனக்கென்னன்னு, அவ்வளவு சமத்தா.